முதலில் ருசித்தது யார்

வெப்பப்பெட்டியின் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நகர்ந்தவர், திரும்பி வந்து கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். வெளியூர் புறப்படுகிறவர்கள் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்களே, அந்த இழுப்பு. உள்ளே மனித உடலின் சூடு மாறாமல் இருக்க வேண்டும். "லேசா திறந்திருந்தாலும் குளிர் புடிச்சுக்கும்" என்பார்.

குளிர் பிடிப்பது தட்டுகளில் வளரும் உயிரணுக்களுக்கு. சுவையூட்டிகள் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவற்றை வளர்ப்பது அவர் தொழில். விடுமுறையிலும் வந்து பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவதால், ஆண் என்றும் பாராமல் உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு இட்ட பெயர் 'ஆயா'. "ஆயா, புள்ளைங்க பால் குடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். முன்பு அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது கேள்வி வருவதற்கு முன்பே அறையை விட்டு நழுவிவிடுகிறார்.

இனிப்பை உணரும் நாக்கின் திறன் அந்த உயிரணுக்களுக்கு மரபணு வழியே ஏற்றப்பட்டிருக்கிறது. புதிய பொருளின் துளி பட்டு இனித்தால், அவை கருவிக்குள் மினுக்கென்று ஒளிரும். ஒளிர வைத்த பொருள் மட்டுமே பிறகு மனிதர் நாக்குக்குப் போகும். கடைக்குச் செல்லும் பொட்டலத்தில் ஓர் உயிரணுகூட இருக்காது. இதை அவர் சத்தியம் செய்தே சொல்வார். ஆனால் அவற்றின் பூர்வீகமும் அவருக்குத் தெரியும். அவர் பிறப்பதற்கு முன்பே, எங்கோ ஒரு மருத்துவமனையில் கலைக்கப்பட்ட கருவின் சிறுநீரகம்; அதிலிருந்து எடுத்தவைதான் இன்றுவரை தட்டு தட்டாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. எதற்காகக் கலைத்தார்கள், தாயிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதற்கு எவரிடமும் விடையில்லை.

மருந்து கண்டுபிடிக்க என்றால் மனம் ஆறும், ஒரு பானத்தின் தித்திப்புக்காகவா என்று ஒருநாள் மேலதிகாரி அம்மாவிடம் மென்று விழுங்கிக் கேட்டார். சர்க்கரை குறைந்தால் எத்தனை பேருடைய காலும் கண்ணும் தப்பும் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் உலக வழக்கம். தாம் பார்க்கும் வேலையில் அது தலைகீழாகக் கிடக்கிறதே என்ற எண்ணம் எலும்பில் ஏறிய குளிர்போல உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் இதையெல்லாம் சொன்னதில்லை. மிஷின்தான் ருசி பார்க்கிறது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கு ஆறாம் மாதத்தில் ஒரு கரு தங்காமல் போயிற்று. அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்களே தவிர, ஒருவரும் அவளிடம் காட்டவில்லை.

மனைவி தையல்கடையில் வேலை செய்கிறாள். நாக்கு மகா கூர்மை. "அக்காவை ஏமாத்தலாம், அவ நாக்கை ஏமாத்த முடியாது மாமா" என்று மைத்துனன் கேலி செய்வான். நிறுவனம் ருசி பார்க்க ஆள் தேடியபோது அவரைக் கேளாமலேயே பெயர் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும்.

நேற்று மாலை முதன்முறையாக அங்கே ருசித்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். பயப்படாமல் குடியுங்கள், உங்களுக்கு முன்பே உயிரணுக்களை வைத்துச் சோதித்தாயிற்று என்று அங்கே தைரியம் சொல்லியிருக்கிறார்கள்.

"மிஷின்னுதானேங்க சொன்னீங்க. யாரோட செல்லு அது?"

சாப்பாட்டில் எதுவும் கலப்பதில்லை என்று தொடங்கி, சிறுநீரகம்வரை வந்து, தாயைப் பற்றித் தெரியாது என்பதில் முடித்தார். அவள் அழவில்லை. காலிலேயே கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

தெரிந்திருந்தும் அவர் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத சொல்.

அவள் மேசைமேல் கையை நீட்டினாள். "உங்க கையைக் குடுங்க."

பற்றிக்கொள்ளவா, அந்த உயிரணுக்களை வளர்க்கும் கை இதுதானா என்று உற்றுப் பார்க்கவா என்று அந்தக் குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. அவர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.