லாரி சொன்ன நம்பரும் முதலாளி கேட்ட பெயரும்

லாரியில் மஞ்சள் விளக்கு எரிந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். அப்படி ஒரு தொழில் என்னுடையது.

அந்தக் காலத்து லாரி புகையைக் கக்கியோ, சத்தம் போட்டோ தன் நோயைச் சொல்லிவிடும். இப்போது வருகிற லாரிகளுக்கு நாசூக்கு அதிகம். எஞ்சினில் கோளாறு என்றால் டிரைவர் முன்னால் ஒரு விளக்கைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நான் போய் ஸ்டியரிங்குக்குக் கீழே லேப்டாப்பைச் சொருகினால் ஒரு நம்பரைத் தரும். அந்த நம்பருக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறவன் நான். திருச்சி பால்பண்ணைப் பக்கம் ஷெட் போட்டிருக்கிறேன். என்னைப் போலவே அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்து முதுகு தேய்ந்தவர்களும், சொந்தக் காரில் அந்த விளக்கு எரிந்து மெக்கானிக்கைத் தேடி ஓடியவர்களும் இதை என்னோடு சேர்ந்து அனுபவிக்கலாம். நம்பரைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதைச் சொன்ன பிறகு நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

ஸ்டிக்கர் பொட்டு

அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றும் டிரைவர் ஒருவர், வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது என்று வந்து நின்றார். உள்ளே ஏறிப் பார்த்தால் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மெரூன் கலரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. வீட்டம்மாவின் அட்டையிலிருந்து பிய்த்து ஒட்டியிருக்கிறார். நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடியில் விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

காற்று போகிற குழாயில் சின்ன விரிசல். முதல் தடவை எரிந்தபோதே வந்திருந்தால், அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றியிருப்பேன். ஆடி மாசத்திலிருந்து அப்படியே ஓட்டியதில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எரியறதைப் பார்த்தாதானே சார் பயம்? பொட்டு வெச்சதுக்கு அப்புறம் நிம்மதியா ஓட்டுனேன்."

விளக்குக்குப் பயந்த மனிதர்

ஜமால் பாய் இதற்கு நேர் எதிர். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் சாருடைய லாரியை ஓட்டினார். தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் வண்டி அது. விளக்கு ஒரு முறை கண் சிமிட்டினால் போதும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவது போல ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். பாதி நாள் ஒன்றுமே இருக்காது. "ஒண்ணுமில்ல பாய்" என்று சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பல வருஷம் சவூதியில் டிரைலர் ஓட்டியவர். மகள் பிறந்ததையும் நடந்ததையும் போனில்தான் பார்த்தார். ஊருக்கு வந்தபோது அந்தப் பெண், "இந்த அங்கிள் எப்ப போவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். அன்றோடு பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவிட்டு, ரங்கராஜன் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போகிறாள். ஒரு நாள் ஷெட்டில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த ஸ்டியரிங் என் கையில இருக்கிற வரைக்கும் நான் ஊர்ல இருப்பேன் தம்பி. இது போச்சுன்னா மறுபடி ஃப்ளைட்டுதான்."

ஆயுத பூஜைக் குளியல்

ஆயுத பூஜை முடிந்த வாரம் என் ஷெட்டில் நிற்க இடம் இருக்காது. வருஷம் முழுக்கச் சேற்றில் புரண்ட லாரியைப் பூஜைக்கு வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய், எஞ்சின், அடிப்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பீய்ச்சி அடிப்பார்கள். இப்போதைய லாரிக்கு உடம்பெல்லாம் சென்சார், சென்சாருக்கெல்லாம் வயர். வயர் சேருகிற இடங்களில் பாலிதீன் கவரைச் சுற்றிவிட்டுக் கழுவுங்கள் என்று நானும் தொண்டை வற்றக் கத்துகிறேன். சாமி காரியத்தில் இவன் என்ன குறுக்கே பேசுகிறான் என்று பார்ப்பார்கள்.

போன வருஷம் பூஜைக்கு ரங்கராஜன் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். கொள்ளிடக் கரைப் பக்கம் அவர் வண்டி நிறுத்தும் இடத்தில் லாரி வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நின்றது. தண்ணீர் அடிக்கும் ஆளிடம் விடாமல், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை வாங்கி ஜமால் பாயே மூலை முடுக்கெல்லாம் கழுவியிருந்தார். பொரி, சுண்டலைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றவரின் முகத்தில் அத்தனை சந்தோஷம். சார் லாரியைச் சுற்றி வந்து பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாய் தேய்ச்ச தேய்ப்புல வண்டி தேர் மாதிரின்னா நிக்கறது!"

நம்பர்

சில நாள் கழித்து, சென்னைக்குப் போகிற வழியில் பெரம்பலூர் தாண்டியதும் லாரியின் இழுவை செத்துவிட்டது. எஞ்சின் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் போயிருக்கிறது. போய்ச் சேருவதற்குள் பாதித் தார் பழுத்துக் கருத்துப்போனது. கொள்ளிடக் கரைக்குத் திரும்பி வந்த வண்டியில் லேப்டாப்பைச் சொருகினேன். யூரியா தரக்குறைவு என்பதற்கான நம்பர் வந்தது.

புகையின் விஷத்தைக் குறைக்க இந்த லாரிகளில் தனித் தொட்டியில் யூரியாக் கரைசல் ஊற்றுவார்கள். அதைத் திருடி விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலக்கிறவர்கள் ஹைவேயில் உண்டு. முதலாளிகள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அதனால் நான் ஜாக்கிரதையாகவே சொன்னேன். "யூரியா சரியில்லைன்னு வண்டி நினைக்குது சார். யூரியாவே கெட்டிருக்கலாம், அதை அளக்கிற சென்சார் கெட்டிருக்கலாம், வயர் கெட்டிருக்கலாம். தொட்டியில இருக்கிறதைத் தொடாதீங்க, ஷெட்டுக்குப் போய் டெஸ்ட் பண்ற கருவியை எடுத்துட்டு வரேன்" என்றேன். ரங்கராஜன் சார் காதில் முதல் வாக்கியத்தில் பாதிதான் ஏறியது.

நான் திரும்பி வந்தபோது தொட்டியின் அடி மூடியைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. டெஸ்ட் பண்ண ஒரு சொட்டு இல்லை. லாரிச் சாவி சாரின் சட்டைப் பையில் இருந்தது. ஜமால் பாய் வண்டியில் இருந்த தன் போர்வையையும் தண்ணீர் கேனையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துபோயிருந்தார். அவசரப்பட்டுவிட்டீர்களே சார், இன்னும் எதுவும் நிச்சயமில்லையே என்று எவ்வளவோ சொன்னேன். அவர் லேப்டாப்பைக் காட்டி என்னிடம் கேட்டார்: "நம்பரெல்லாம் சொல்றதே, கலந்தவன் பேரைச் சொல்லாதோ?"

புது டிரைவர்

துவாக்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தரைப் புது டிரைவராகச் சேர்த்தார். புது யூரியா ஊற்றினார்கள், விளக்கு அணைந்தது. பார்த்தீர்களா என்று எனக்குப் போன் வேறு. பிறகு ஒரு மழை நாள் காலையில் அதே விளக்கு, அதே நம்பர். சார் போனில் அலறினார். இவனுமா திருடன், நாட்டில் யாருமே யோக்கியன் இல்லையா என்றார்.

இந்தத் தடவை அவர் கை வைப்பதற்குள் போய்விட்டேன். யூரியாவைக் கருவியில் விட்டுப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத யூரியா. வண்டிக்கு அடியில் படுத்து சென்சாரோடு வயர் சேருகிற கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர் இறங்கி, செம்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெயிலில் காய்ந்தால் ஒழுங்காக வேலை செய்யும், ஈரம் பட்டால் பிதற்றும். பூஜைக்குக் கழுவினபோது போன தண்ணீர் சார், என்றேன். அவர் கனெக்டரை வாங்கி உள்ளங்கையில் வைத்து, விரலால் அந்தப் பச்சையைத் தேய்த்துப் பார்த்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. கடைசியில் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "பெருமாளே, வண்டியைக் குளிப்பாட்டினவரையா திருடன்னு சொன்னேன்?"

பாலக்கரை வீடு

அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். ஜமால் பாய் வீட்டு நடையில் பெரிய பெட்டி ஒன்று பட்டை போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. விசா வந்துவிட்டதாம். மகள் உள்ளே பாயில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். அப்பா மேல் கோபம், காலையிலிருந்து பேசவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். ஒரு குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சார் கையைக் கூப்பினார். தப்பு என்னுடையது பாய், சாவியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஜமால் பாய் பதறி அவர் கையைப் பிடித்து இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்தார். சாவியைப் பார்த்தார். உள்ளே படுத்திருந்த மகளைப் பார்த்தார். வாங்கிவிடுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். வாங்கவில்லை. கோபமே இல்லாமல் மெதுவாகச் சொன்னார்: "வண்டி மேல சந்தேகம்னா கம்ப்யூட்டரைச் சொருகி வண்டியையே கேக்குறீங்க முதலாளி. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே."

ஜமால் பாய் மறுபடி ஃப்ளைட் ஏறிவிட்டார். அந்த லாரியில் இப்போது எந்த விளக்கும் எரிவதில்லை. டிரைவர்தான் யாரும் நிலைப்பதில்லை.