பிறக்காத சொல்தா

நேற்று தட்டாஞ்சாவடி ஆபீசில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பிறந்த வருடத்தை இரண்டே இலக்கத்தில் தட்டிவிட்டாள். "ஐயோ, முழுசா போடும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் டீயைக் கொட்டிவிட்டாள். எனக்கு அந்த நேரத்தில் யூடிகோலன் வாசனை அடித்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாசனை அந்துவான் சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்போது நான் உப்பளம் ஏரியாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உயிரோடிருப்பதாக வருடா வருடம் அவர்கள் சான்று அனுப்ப வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். அந்தப் படிவத்தை நிரப்பி, வயதையும் தானே கணக்குப் போட்டு அச்சடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நாலு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்கள் முழு வருடமும் அச்சான பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். சொல்தா விறைப்பாக நின்று வாயால் சொல்வார்: "பன்னெண்டு, மூணு, முப்பத்தெட்டு!" பட்டாளத்துப் பழக்கமாம். பத்தொன்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அப்படியே அடித்தேன். என் ஸ்கிரிப்டோ, எழுபதுக்குக் கீழே எந்த வருடம் வந்தாலும் முன்னால் இருபதைச் சேர்த்துக்கொள்ளும் ரகம். அவரும் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மனைவியோடு வந்து நின்றார். மதாம் கையில் படிவம்.

"தம்பி, இவரு 2038லதான் பொறக்கப் போறாராம். வயசு மைனஸ்ல போட்டிருக்க. அப்ப நாப்பது வருஷமா என் ஊட்ல சாப்புடறது யாரு?"

சொல்தா சிரிக்கவில்லை. "இன்னிக்குத் தபால்ல போவலன்னா நான் செத்தவன் கணக்குடா," என்றார். முறையாகத் திருத்தத் தெரியாத அவசரத்தில், 'பெயர் அந்துவான் என்றால் வருடத்தில் நூறு கழி' என்று ஒரு வரி சேர்த்தேன். அதைவிட அசிங்கமான வரியை இன்றுவரை எழுதியதில்லை. படிவம் சரியாக வந்தது. "பொறந்துட்டேன்," என்று மதாமிடம் காட்டிவிட்டு என் கையைக் குலுக்கினார். சாயங்காலம் வரை கையில் யூடிகோலன்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு வரிதான் அவரை ஒழுங்காகப் பிறக்க வைத்தது.

இப்போது போனில் முகத்தைக் காட்டினால் உயிரோடிருப்பது முடிவாகிவிடுகிறது. கடை இருந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள். சொல்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்; நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை. நேற்று வீட்டுக்குப் போனதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடியெடுத்து, ஸ்கிரிப்டில் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.

அந்துவான் சொல்தா பிறக்க இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.