அண்ணி சொன்ன முடிவு

நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்வேன். மாயாஜாலமா, விஞ்ஞானமா, ஊர் உலகமெல்லாம் கொண்டாடுகிற பெரிய நாவலா, எது கேட்டாலும் என்னிடம் இருக்கிறது. முடிவு என்ன என்று கேட்டால் மட்டும் சுள்ளென்று விழுவேன். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று என் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். நிலத்தில் ஏமாந்தவர்கள் உண்டு, நகையில் ஏமாந்தவர்கள் உண்டு. நான் ஒரு கதையின் கடைசி அத்தியாயத்தில் ஏமாந்தேன். ஏமாற்றியது, எனக்கு நாவல் என்றால் என்னவென்று காட்டிய என் அண்ணி.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மூன்று மாடு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது நான் ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு. அண்ணி காஞ்சிபுரம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். சீரோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. தூக்கிய இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பட்டுப்புடவையாக இருக்கும் என்று அம்மா ஆசையாகத் திறந்தாள்.

"இன்னாடி இது, பொட்டி பூரா காயிதமா கீது!"

காகிதம்தான். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு அண்ணியே பைண்டு செய்த புத்தகங்கள். அவள் தெருவில் ஒரு பத்திரிகையை ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வாங்குவார்களாம். சுடச்சுட முதலில் படிக்க எல்லா வீட்டிலும் அடிதடி நடக்கும். அண்ணி மட்டும் தன் வீட்டுக்குக் கடைசியில் கொடுத்தால் போதும் என்பாளாம். கடைசியாகப் படிக்கிறவர்களுக்குத்தான் கிழித்துக்கொள்ளும் உரிமை. அவள் கெட்டிக்காரத்தனம் அப்படிப்பட்டது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் படிப்பெல்லாம் களத்தில்தான் நடந்தது. அவித்த நெல்லைக் காயப்போட்டால் பகலெல்லாம் ஒருவர் காவல் இருக்க வேண்டும். கோழியை விரட்ட வேண்டும், அவ்வப்போது நெல்லைக் காலால் துழாவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு இரண்டு பேர் போனோம். ஒருத்தி துழாவுவாள், ஒருத்தி வேப்பமர நிழலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். கதையில் சண்டை வந்தால் கோழிக்குக் கொண்டாட்டம். அம்மா தூரத்திலிருந்தே திட்டுவாள்.

எதை முதலில் படிக்க வேண்டும் என்பதில் அண்ணி கறாராக இருந்தாள். எடுத்த எடுப்பில் பெரிய நாவலைக் கேட்டேன். "மொதல்ல மாயாஜாலம் படி பாப்பா. அப்புறம் விஞ்ஞானம். அதெல்லாம் படிச்சி வாய் ருசி வந்தப்புறம் பெருசுக்கு வா" என்றாள். ஆளைப் பார்த்துப் புத்தகம் சொல்கிற அந்த வித்தையை அவளிடம்தான் கற்றேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதே வரிசையைத்தான் சொல்கிறேன். அவள் மேல் உள்ள கோபத்தில் வரிசையை மாற்றிப் பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை.

அந்த மாயாஜாலக் கதையில் கிணற்றுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. உள்ளே போகிறவர்கள் தங்கள் நிழலைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது அவசரத்தில் ஆள் மாற்றி நிழலை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதைப் படித்த அன்று சாயங்காலம் வரை என் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞானக் கதையில் ராக்கெட்டில் செவ்வாய்க்கிரகத்துக்குப் போய் இறங்கி, முதல் காரியமாகக் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன், அங்க போனா பசிக்காதா?" என்று அண்ணி சண்டைக்கு வந்தாள். கதையில் வருகிறவர்களை யாராவது ஒன்று சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. அவள் அண்ணனையும் தம்பியையும் சொன்னால்கூட அவ்வளவு ரோஷம் வராது. அந்த வயதில் எனக்கு அவளைவிட நெருக்கமான ஆள் யாரும் இல்லை.

டீச்சருக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே பரீட்சை எழுதி முடித்தேன். காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெய்னிங்குக்கு மனுப் போட்டிருந்தேன், இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் அப்படிப் போனதில்லை. அம்மா அழுதாள், அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நைனா மட்டும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா நீயே முடிவு பண்ணி நீயே சொல்லணும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கள சொல்லக்கூடாது."

அவர் தடுத்திருந்தால் சண்டை போட்டுப் போயிருப்பேன். முடிவை என் கையிலேயே கொடுத்ததும் பயம் வந்துவிட்டது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில்தான் அண்ணி பெட்டியின் அடியிலிருந்து பெரிய நாவலை எடுத்துக் கொடுத்தாள்.

அது ஏதோ குளிர் தேசத்துக் கதை. தமிழில் எழுதியவர் எல்லாருக்கும் நம் ஊர்ப் பெயராக வைத்துவிட்டார், ஆனால் பனி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விதவையின் மகள். மாமன் வீட்டில் மாவு அரைத்து வளர்கிறாள். பட்டணத்துக்குப் போய் உபாத்தியாயினி ஆக வேண்டும் என்று ஆசை. வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். ஒரு விடிகாலையில் துணி மூட்டையோடு குதிரை வண்டியில் ஏறிவிடுகிறாள். அம்மாக்காரி வண்டிக்குப் பின்னாலேயே பனியில் ஓடி வருகிறாள். அது என் கதை. யாரோ என்னைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

அந்த வண்டி பட்டணத்துக்குள் நுழைகிற இடத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் வெறும் அட்டை.

"மிச்சம் எங்க அண்ணி?"

"பூச்சி அரிச்சிடுச்சி பாப்பா" என்றாள்.

அவள் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறவள். மயில்துத்தம் போட்ட பைண்டைப் பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது என்று என்னிடமே எத்தனையோ தரம் பெருமை அடித்திருக்கிறாள். பெட்டியில் வேறு எந்தப் புத்தகத்திலும் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான்.

"முடிவ நீயாவது சொல்லு" என்று கெஞ்சினேன்.

அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைத் துழாவினாள். துழாவிக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பட்டணத்தில் படிப்பு ஏறவில்லை. கூடப் படிக்கிறவர்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். காய்ச்சல் வந்து படுக்கிறாள், கஞ்சி கொடுக்க ஆள் இல்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நடக்க ஆரம்பிக்கிறாள். வழியில் பனி மூடிச் செத்துக் கிடக்கிறாள். அம்மாக்காரிக்கு விஷயமே தெரியாது, மகள் வருவாள் என்று தினமும் விளக்கு ஏற்றி வைக்கிறாள்.

"அந்த வெளக்குதான் கடைசி வரி" என்றாள் அண்ணி.

நான் களத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணி வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அயுவாத பாப்பா, கததானே" என்றாள். அன்றைக்கு மாலை நைனாவிடம் போய், நான் போகவில்லை என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் காரணம் சொல்லவில்லை, சொன்னால் சிரித்திருப்பார். கதையை நம்பி வாழ்க்கையை முடிவு செய்கிறவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே பட்டணம் அந்தப் புத்தகத்தில் இருந்த பட்டணம்தான். நான் வேறு எதை நம்புவது?

அப்புறம் மாட்டைப் பார்த்தேன், நெல்லைப் பார்த்தேன். அண்ணியும் நானும் களத்தில் இன்னும் நிறைய நாவல்கள் படித்தோம். இரண்டு வருஷம் போனது. உத்திரமேரூரிலேயே ஒரு மாப்பிள்ளை வந்தார், கல்யாணம் ஆகிப் போய்விட்டேன்.

புகுந்த வீட்டுக்குப் பக்கத்தில் நூலகம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அங்கே அலமாரியில் அதே குளிர் தேசத்துக் கதையைப் பார்த்தேன். தொடராக வந்தது முழுப் புத்தகமாக அச்சாகியிருந்தது. நின்றபடியே கடைசிப் பகுதியைத் திருப்பினேன். சும்மா, அந்த விளக்கை எழுத்திலும் பார்த்து அழலாம் என்றுதான்.

விளக்கு இல்லை. பனியில் யாரும் சாகவில்லை. அந்தப் பெண் படித்து முடிக்கிறாள். சொந்த ஊருக்கே உபாத்தியாயினியாக வருகிறாள். அவள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் அவள் அம்மாவே வந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பட்டணத்தில் அவளைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா கழனிக்குப் போயிருந்தாள். அண்ணி பின்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

"வா பாப்பா! சொல்லாம கொள்ளாம வந்துகீற! நாஷ்டா துன்னியா? புச்சா ஒண்ணு பைண்டு பண்ணி வெச்சிக்கீறேன், சமுத்திரத்துக்கு அடியில போற கத—"

"அந்தப் பொண்ணு சாவலியே அண்ணி" என்றேன்.

எந்தப் பெண் என்று அவள் கேட்கவில்லை. ஒரு காயை உரித்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"பட்ச்சிட்டியா?"

"பூச்சி அரிச்சிதுன்னு சொன்னியே."

"நான்தான் கீச்சி அடுப்புல போட்டேன்" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். "நீ பரீட்சைக்குப் போயிருந்தப்பவே போட்டேன்."

எனக்கு இடம் கிடைப்பதற்கு முன்பே அவள் தயாராகிவிட்டாள். என்னைத் துடைத்துவிட்ட முந்தானை, அயுவாத பாப்பா என்ற வாஞ்சை, எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

"ஏன் அண்ணி?"

"ஏன்னா? நீ போய்ட்டின்னா இந்த வூட்ல நான் யார்கிட்ட பேசிக்கினு கெடக்கிறது? உங்க அண்ணன் என்னிக்காவது என்னாண்ட ஒரு வார்த்த நல்லதா பேசிப் பாத்துகீறியா? உங்க அம்மாவுக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்ற ஆளு. நீ ஒருத்திதான் பாப்பா எனக்கு. போனா போனதுதானே நீ. கதையிலதான் போன பொண்ணு திரும்பி வருவா, நெசத்துல எவ வந்துகீறா?" குரல் உடைந்தது. "உன்ன இன்னா காலத்துக்குமா புடிச்சி வெச்சிக்கினேன்? ரெண்டே ரெண்டு வருஷம். அப்புறம் நீயுந்தான் கண்ணாலம் கட்டிக்கினு போய்ட்ட."

"அந்த டிரெய்னிங்கும் ரெண்டு வருஷந்தான் அண்ணி" என்றேன். "முடிச்சிட்டு நம்ம ஊரு ஸ்கூலுக்கே வேல கேட்டு வந்திருப்பேன். இந்த வூட்லியேதான் இருந்திருப்பேன்."

அவள் கை நின்றுவிட்டது.

"ரெண்டு வருஷந்தானா?"

அவள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. களத்தில் உட்கார்ந்து கிணற்றுக்கு அடியிலும் செவ்வாய்க்கிரகத்திலும் நடப்பதையெல்லாம் பேசினோம், இதைப் பேசவில்லை. அண்ணி மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை அழவிட்டு வாசலுக்கு வந்து, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.