நடுவில் உட்கார்ந்தவள்

என் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. தத்துவம், மானிடவியல், மனிதன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டவை என்று நூறு புத்தகங்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். கூலிம் நகரத்துத் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது வாசிப்பேன். இதையெல்லாம் படித்து என்னக்கா செய்யப் போகிறீர்கள் என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்துப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த சமயம். தோட்ட மக்களைப் பற்றிப் புத்தகம் எழுத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். தமிழ் தெரியாது. அங்கே ஓரளவு ஆங்கிலம் பேசக்கூடியவள் நான்தான் என்று என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார். வீடு வீடாகப் போவோம். அவர் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம், நடுவில் நான். இரண்டு மூன்று வாக்கியம் ஆனதும் நான் கையைத் தூக்குவேன். பேசுகிறவர் நிறுத்திக்கொள்வார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணி நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவர்கள் சொன்னதையெல்லாம் நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், ஓடிப்போன மகள், இதெல்லாம் என் வாயைத் தாண்டவில்லை. விருந்தாளி முன்னால் வீட்டு அழுக்கை விரித்துப் போடக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டு முறை வந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த அப்பா, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போயிருந்தார். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்து குளித்திருந்த அம்மா, கெட்டிப்பால் அதிகமாக ஊற்றிக் காப்பி கலக்கி விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் நீங்கள் எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒங்கப்பாவ விட்டுட்டுப் போயிடணும்னு இருந்திச்சி. ஒன்ன இடுப்புல தூக்கிக்கிட்டு பெரிய ரோட்டு வரைக்கும் போய் நின்னேன். பஸ்ஸும் வந்திச்சி. நான் ஏறல. ஏன்னா..."

நான் கையைத் தூக்கினேன். பழக்கத்தில் தூக்கினேனா, பயந்து தூக்கினேனா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா நிறுத்திக்கொண்டார். கடவுள் கொடுத்ததே போதும், நிம்மதியாக இருக்கிறேன் என்று அம்மா சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி கண் கலங்கியபடி எழுதிக்கொண்டார். அடுத்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அவர் கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்து, "நான் சொன்னத அப்படியே எழுதச் சொல்லு," என்றார். நான் தலையாட்டினேன்.

போகும்போது அந்தப் பெண்மணி ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை எனக்கு விட்டுப் போனார். என் அலமாரி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

தோட்டம் கைமாறியது, அப்பா இறந்தார், முட்டிவலியோடு அம்மா என்னோடு வந்துவிட்டார். அந்தப் பெண்மணி எழுதிய புத்தகத்தை இத்தனை வருடம் நான் தேடவே இல்லை. போன மாதம்தான் இணையத்தில் ஒரு பழைய பிரதி கண்ணில் பட்டு, வரவழைத்தேன். பஸ்ஸிலேயே பிரித்தேன். ஓர் அத்தியாயம் முழுக்கத் தோட்டத்துப் பெண்களின் போதுமென்ற மனதைப் பற்றியது. அத்தனையும் நான் இட்டுக்கட்டிய அந்த ஒரு வரியின் மேல் நின்றது. அதைவிடக் கேவலம், அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். என் அலமாரியில் வேறொருவர் எழுதிய புத்தகத்தில் அது மேற்கோளாக வந்திருக்கிறது. யார் சொன்னது என்று தெரியாமலே, எவ்வளவு பக்குவமான பெண் என்று வியந்து பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

திருத்தச் சொல்லலாம் என்று அந்தப் பெண்மணியின் முகவரியைத் தேடினேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு பிழையைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இந்த மக்கள் இப்படி நம்புகிறார்கள் என்று வந்தாலும், நடுவில் உட்கார்ந்தது யார் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு மேல் வாசிப்பு ஓடுவதில்லை.

அம்மாவிடம் மறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டேன். அம்மா பின்னட்டைப் படத்தைப் பார்த்து, அந்தம்மாதானே என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்தே வெகுநாளாகிவிட்டது. தான் சொன்னதைப் போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். வாசிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை, இடுப்புப் பிள்ளையையும் பெரிய ரோட்டையும் ஏறாத பஸ்ஸையும், வாசிப்பது போலவே சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். அதோடு நின்றுவிட்டதா, அப்புறம் ஒன்றும் இல்லையா என்றார். இல்லை என்றேன்.

மத்தியானம் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் என் மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அவள் மடியில் இருந்தது. இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு அம்மாதான் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் வைத்த அடையாளத்தாளும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ஈரக் கையோடு அப்படியே நின்றேன்.

"பாட்டி, இதுல நீங்க ஹேப்பின்னுதான் போட்டிருக்கு லா. சாமி குடுத்ததே போதும்னு சொன்னீங்களாம்," என்றாள் மகள்.

அம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் சொன்னது ஒன் காதுல மட்டுந்தான் விழுந்திருக்கு," என்றார். "விழுந்தும் இத்தன வருஷமா ஒரு வார்த்த என்கிட்ட பேசல நீ."

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏம்மா அன்னிக்கு பஸ்ல ஏறல?"

அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். நிஜமாகவே தேடுகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மறந்து போச்சி கண்ணு," என்றார்.