வலக்கைப் பக்கம் வீடு

கடல் இருக்கும் ஊரில் எனக்கு வழி தவறாது என்று நான் சொன்னபோது, மகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தூத்துக்குடியில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை நான் எழுத்துக்கூட்டி முடிக்கும் முன்னால் பஸ் போய்விடும். ஆனால் கடலைக் காட்டினால் போதும், வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகன் வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டான். நானும் விசா எடுத்துக்கொண்டு அவனோடு வந்துவிட்டேன். நான் பேசுவதும் தமிழ், கடைக்காரர் பேசுவதும் தமிழ். இருந்தும் வாயைத் திறந்த உடனே, "அம்மா இந்தியாவோ?" என்பார்கள். இங்கே நான் வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரி தனியாகப் போகக் கூடாது என்பது மகன் போட்ட சட்டம். கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குக்கூட மருமகள்தான் கூட்டிப் போவாள். வழி முழுக்க என் முழங்கையைப் பிடித்திருப்பாள், விட்டால் நான் பறந்துவிடுவேன் என்பது போல.

விடாமல் கேட்டதில் ஒருநாள் மகன் இறங்கிவந்தான்.

"தனியாப் போயிட்டுத் தனியா வந்துட்டா, இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன். நடுவுல நான் வந்து கூட்டிட்டு வர்ற மாதிரி ஆச்சுன்னா, அப்புறம் அவ இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. சரியாம்மா?"

"ஒன்ன வளத்தவளுக்கு ஒரு பஸ்ஸப் பிடிக்கத் தெரியாதாக்கும்," என்றேன்.

போனது அழகாகப் போனேன். மெழுகுதிரி ஏற்றினேன். துறைமுகத்துக் கிரேன்கள் கூரைகளுக்கு மேலே தலை நீட்டுவதை வேடிக்கை பார்த்தேன். திரும்பி வந்ததில்தான் வினை. இறங்கும் இடத்துக்கு நான் ஓர் அடையாளம் வைத்திருந்தேன்: பட்டுச்சேலை கட்டி, கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் ஒரு பெண்ணின் பெரிய விளம்பரப் படம். அவளைக் கண்டதும் இறங்கிவிட்டேன். பஸ் போனபிறகு சுற்றிப் பார்த்தால் அவள் ஒருத்திதான் தெரிந்தவள். கடையெல்லாம் வேறு கடை. ஒரே பெண்ணை ஊர் முழுக்கத் தொங்கவிட்டிருப்பதை யார் எனக்குச் சொன்னார்கள்? அந்த இடம் வெள்ளவத்தைக்கு வெகு முன்னாலேயே வருகிற கொள்ளுப்பிட்டி என்பதே பிறகு தெரிந்ததுதான்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் "அம்மா இந்தியாவோ?" என்பார்கள். அது வேண்டாம் என்று, இங்கே ஒழுங்கை என்கிற ஒரு சந்துக்குள் இறங்கினேன். கோடியில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். எனக்கு உயிர் வந்தது. வெள்ளவத்தை தெற்கே என்று மகன் சொல்லியிருந்தான். கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு. பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறிய கணக்கு. வலக்கைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

கடலோர வீதி முடிந்து பெரிய ரோட்டில் கொண்டுபோய் விட்டது. வானத்தைத் தொடுகிற ஹோட்டல்கள் வந்தன. வெள்ளவத்தையில் இவற்றை எப்போது கட்டினார்கள் என்று யோசித்தேனே தவிர, நான் எங்கே நிற்கிறேன் என்று யோசிக்கவில்லை. செருப்பு வார் கடித்தது. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று, காற்று வாங்க வந்த சீமாட்டி போல மெல்ல நடந்தேன்.

கடைசியில் ஒரு பெரிய திடல். பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால், மத்தியானம் நான் விட்டுவிட்டு வந்த அதே கிரேன்கள். துறைமுகம் என் பின்னாலேயே வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் கணக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பக்கத்தில் வண்டி வைத்து இறால் வடை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அந்தக் கிரேனையே பாக்கிறீங்க? வெல பேசப் போறீங்களா?"

"வெள்ளவத்தைக்கு இப்படித்தானே?" தெரிந்ததைச் சரிபார்க்கிறவள் போலக் கேட்டேன்.

"இப்படிப் போனா கப்பல்தான் ஏறணும். அம்மா இந்தியாவா?"

அப்போதுதான் கடலைத் திரும்பிப் பார்த்தேன். சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது தண்ணீருக்குள்ளிருந்து ஏறும். மகன் வீட்டுப் பால்கனியில் தினமும் தேநீர் குடித்துக்கொண்டே, இதே சூரியன் இதே கடலில் விழுவதைப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொன்னவளும் நான்தான். கண் பார்த்ததைக் கால் காதில் வாங்கவில்லை.

"எங்க ஊர்ல கடல் கிழக்க இருக்கும்," என்றேன், கொழும்பின் மேல் குற்றம் சொல்கிற குரலில்.

"அப்ப இங்க கடல வச்சவன் மேலதான் பிழை," என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து மகனின் போன்.

"எங்கம்மா இருக்கீங்க? நான் வரட்டுமா?"

"நீ ஒண்ணும் வரண்டாம். கடற்கரையில காத்து வாங்குதேன்."

"எந்தக் கடற்கரை?"

"இந்த ஊர்ல எத்தன கடலு இருக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளம்பரப் பெண்ணைப் பற்றியும் அவளிடம் சொல்லித் தொலைத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்குமிடத்தைக் காட்டி, "கொண்டக்டர்கிட்ட வெள்ளவத்தைன்னு வாயத் தெறந்து சொல்லுங்க. யாரு சிரிச்சாலும் எறங்காதீங்க," என்றாள். அவளிடம் வடை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தனியாகப் போனேன், தனியாக வந்தேன். மகன் என் செருப்பைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. வெற்றி வீராங்கனை மாதிரி வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். மருமகள் பிரித்தாள். இறாலையும் சம்பலையும் பார்த்தாள். மகன் கை கழுவப் போனதும் மெல்லக் கேட்டாள்:

"மாமி, இது கோல்ஃபேஸ் திடல் வடையெல்லோ, அவ்வளவு தூரமும் நடந்தனீங்களோ?"

நான் தண்ணீர் குடித்தேன்.

மகன் வந்து ஒன்றைக் கடித்தான். "நல்லாருக்கே, எங்க வாங்கினது?"

"கடற்கரையிலதான்," என்று எனக்கு முன்னால் அவளே சொன்னாள். "அடுத்த கிழமையும் மாமி தனியத்தான் போறா."

மறுநாள் காலை பால்கனிக்குப் போய், கடலைப் பார்த்து நின்று, இடக்கையை நீட்டி என் புதுக் கணக்கைச் சரிபார்த்தேன். வீடு இந்தப் பக்கம் என்று வாய்விட்டும் சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். அடுப்படிக்குள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது:

"வீட்டில நிண்டுகொண்டு அந்தப் பக்கம் போனா வீடு வராது, இன்னும் தெற்கை இரத்மலானைதான் வரும், மாமி."