பல்லில் உரசிப் பார்த்த நத்து

என் மகளும் மாப்பிள்ளையும் விமான் நகரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிய காலம். மாப்பிள்ளை மராத்திப் பையன் என்பதால் நிச்சயதார்த்தத்தை அவர்கள் முறைப்படியே வைத்துக்கொண்டோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சம்பந்தி அம்மா ஒரு சிறிய வெல்வெட் டப்பாவை என் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே நத்து இருந்தது. மராத்தி மணப்பெண்கள் மூக்கில் அணியும், தங்கக் கம்பியில் முத்துகளும் நடுவே ஒரு கெம்பும் கோத்த நகை. அவருடைய கல்யாணத்தில் அவர் அம்மா போட்டது. எங்கள் மகளின் மூக்குக்கு ஏற்றபடி கொக்கியை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

போபோடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இது அசலா? ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. எல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. நம்ம பொண்ணுன்னா அவங்களுக்கு அவ்வளவு எளக்காரமா?”

“ஒரே மாதிரி இருந்தாதான் சந்தேகப்படணும்” என்றேன்.

நான் பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருந்தேன். எதையும் சோதிக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு வராது. தட்டானிடம் போகும் முன் நத்து எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். முத்து உண்டாகும் விதத்திலேயே சோதனைக்கு வழி இருக்கிறது. சிப்பிக்குள் ஏதாவது ஒட்டுண்ணி நுழைந்தாலோ உள்சதையில் காயம் பட்டாலோ, ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பொருளைச் சிப்பி அந்த இடத்தைச் சுற்றிப் பூசத் தொடங்கும். மணல் துகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அது அபூர்வம். ஏட்டின் மேல் ஏடாக வருடக்கணக்கில் படிவதால், கைக்கு வழவழப்பாக இருக்கும் முத்து பல்லில் உரசினால் நறநறக்கும். போலி முத்து என்பது மினுக்குப் பசையில் முக்கி எடுத்த கண்ணாடி மணி. அது பல்லில் வழுக்கும்.

இதைச் சொன்னதும் மனைவி டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“கல்யாணத்துக்குப் போடுற நகைங்க! எச்சில் பண்ணியா குடுப்பீங்க?”

“கழுவிடலாம்.”

“கழுவினா எச்சில் போயிடுமா? லென்ஸ் வெச்சிருக்கீங்கல்ல, அதுல பாருங்க.”

லென்ஸில் பார்ப்பதென்றால் துளையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். போலி முத்தில் அங்கேதான் பூச்சு உரியத் தொடங்கும். இந்த நத்தில் கம்பி துளைகளை அடைத்துச் சுற்றியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அவள் குக்கரை இறக்கப் போன நேரத்தில் ஒவ்வொரு முத்தாகப் பல்லில் வைத்தேன். எல்லாம் நறநறத்தன. கெம்புக்குக் கீழே இருந்தது மட்டும் வழுக்கியது. மறுபடி வைத்தேன். மறுபடியும் வழுக்கியது.

“சீ! அப்பா, யே க்யா?” மகள் வாசலில் நின்றிருந்தாள். “அம்மா, இங்க வா! அப்பா என்னோட நத் சாப்பிடறாரு!”

கரண்டியோடு ஓடி வந்த மனைவி எச்சிலை மறந்துவிட்டாள். “என்ன தெரிஞ்சுது?”

“எல்லாம் அசல். ஒண்ணு மட்டும் போலி.”

அவள் அப்படியே உட்கார்ந்தாள். “இதுக்கு எல்லாமே போலியா இருந்திருக்கலாம். நாளைக்கு அந்த வீட்டுல யாராவது கண்டுபிடிச்சா? டப்பா நம்மகிட்ட இருந்துச்சு. தட்டான்கிட்ட குடுத்தது நாம. மெட்ராஸி எடுத்துட்டான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பேச்சை ஆயுசுக்கும் இவதான் கேக்கணும்.”

“பேசாம ஒரு அசல் வாங்கி மாத்திடலாம்” என்றேன்.

“அப்பதான் நெஜமாவே நாம மாத்தினவங்க ஆயிடுவோம்.”

சம்பந்தி வீட்டில் சொன்னால் சந்தேகப்பட்டோம் என்று ஆகும். சொல்லாவிட்டால் மகள் தலையில் விழும். சொல்லிவிடுவது என்று என் மனைவிதான் முடிவெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். தேநீர் வரும் வரைகூட அவள் பொறுக்கவில்லை. “தீதி, குஸ்ஸா மத் கர்னா” என்று, கோபப்பட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்துத் தன் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். பல்லில் வைத்த கதை வந்தபோது என்னைக் கையால் காட்டினாள்.

சம்பந்தி அம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. “கெம்புக்குக் கீழே இருப்பதுதானே?” என்று கேட்டார்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவருடைய மாமியாரும் அதைப் பல்லில் வைத்துப் பார்த்து, ஒன்று போலி என்று கண்டுபிடித்தாராம். ஒரு முத்து உதிர்ந்து தொலைந்துபோய், வேறு வழியில்லாமல் இவருடைய அம்மா கண்ணாடி மணி வைத்துக் கோத்திருக்கலாம். அம்மாவிடம் கேட்க இவருக்கு மனம் வரவில்லை. மாமியாரோ கடைசிவரை, உன் வீட்டில் யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றாள் என் மனைவி.

“சொன்னால் டூப்ளிகேட் நகை போடுகிறேன் என்று நினைப்பீர்களே, விஹின்பாய்.” மராத்தியில் சம்பந்தியை அழைக்கும் சொல் அது.

“சொல்லாமலே அப்படித்தானே நெனச்சோம்” என்று தமிழில் சொல்லிவிட்டு, இவள் அதையே இந்தியிலும் சொன்னாள். சம்பந்தி அம்மா சிரித்தார். பிறகு உள்ளே பார்த்துக் கணவரையும் மகனையும் கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து, விரலை அந்த முத்தின் மேல் வைத்தார்.

“இது போலி. என் அம்மா வீட்டிலிருந்து இப்படித்தான் வந்தது. நாளைக்கு யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கக் கூடாது.”

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் எடுத்தது என்று கடைசிவரை கேட்டது அவருடைய தாயார்தான். “இப்போது ஒரு அசல் வைத்துவிடலாமே” என்றார் கணவர்.

“வேண்டாம். அது என் அம்மா வைத்தது.”

வரும் வழியில் லக்ஷ்மி ரோட்டில் தட்டானிடம் நகையைக் கொடுத்தோம். அவர் கொக்கியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.