மாடம்மாள் சொன்ன நேர்ச்சை

மாடம்மாள் தென்காசிப் பக்கமிருந்து கேரளத்து விதுராவுக்கு ரப்பர் வெட்ட வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறை; மழை பெய்தால் அதிலும் பாதிதான் அறை. கூலியில் மிச்சம் பிடிக்க வழியில்லாமல் ஆடு வளர்த்தாள். முதல் ஆடு வாரத்துக்கு வாங்கியது. பிறக்கும் குட்டிகளில் பாதி ஆட்டுக்காரனுக்கு, பாதி அவளுக்கு. புல்லறுப்பும் தழைச் சுமையும் முழுக்க அவளுக்கு.

அப்படிச் சேர்ந்த இரண்டு பெட்டைகளைப் புருஷன் வேல்சாமி ஒரே வருடத்தில் விற்றுக் குடித்தான். வங்கிப் பணத்தை எடுக்கக் கையெழுத்து வேண்டும். ஆட்டை அவிழ்க்கக் கை இருந்தால் போதும். மிஞ்சிய ஒரே கிடாவின் கயிற்றை அவன் பிடித்த அன்று, அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்:

"கைய எடுங்க! சொடலமாடனுக்கு நேந்து விட்டுருக்கேன்."

பெண்டாட்டி அழுது அசையாதவன், நெருப்பைத் தொட்டதுபோல விலகினான். சட்டமும் போலீசும் அவள் உழைப்புக்குத் தராத காவலை ஒரு பொய் தந்தது.

பக்ரீத் நெருங்கியபோது கிடா முப்பத்தைந்து கிலோ இருந்தது. விற்றால், கடைத்தெருப் பக்கம் பார்த்துவைத்த வாடகை வீட்டுக்கு முன்பணமாகும். மகள் சுஜாவோடு லயத்தையும் வேல்சாமியையும் விட்டு வெளியேறிவிடலாம். வீட்டுக்காரர் ஞாயிறு வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆட்டு வியாபாரி யூசுப் கிடாவின் முதுகை அழுத்திப் பார்த்தார்.

"நல்ல உருப்படி அக்கா. பக்ஷே எனக்கு வேண்டா."

"ஏன் பாய், வெல கூடுதலா?"

"நேர்ச்சை ஆடல்லே இது? லயம் முழுக்க அறியும். நான் கொண்டுபோனா நாளைக்கு எங் கடை மும்பில ஆள் கூடும், கேட்டோ."

"அது நான் சும்மா சொன்ன பொய்யி."

"அதை எங்கிட்ட சொல்லி என்னக்கா? அவங்ககிட்ட சொல்லு."

சொன்னாள். அன்று மாலையே, லயத்து முற்றத்தில், எல்லோரும் கேட்க.

வேல்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூன்று வீடு தள்ளி இருக்கும் அவன் அண்ணன் குற்றாலலிங்கம் தீர்ப்புச் சொன்னார்:

"நேந்தது நெசம்னா கெடா சாமிக்கு. பொய்யின்னா, சாமி பேருல பொய் சொன்ன குத்தத்துக்குக் கெடா சாமிக்கு. ஆடியில கோயில் கொடைக்கு ஊருக்குக் கொண்டு போயி வெட்டிருவோம். அரிசியும் மசாலாவும் உன் பொறுப்பு."

"ரெண்டு பெட்டைய இவரு வித்துக் குடிச்சாரே, அந்தக் குத்தத்துக்கு எத்தன கெடா?"

"அது குடும்பத்துக்குள்ள உள்ளதுல்லா, தாயி."

அந்த இரண்டு ஆடுகளுக்காக எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை. பறிகொடுத்தவள்தான் தெய்வத்துக்குக் கடன்பட்டவளானாள். இனி அவள் கிடாவை வேறு சந்தைக்கும் ஓட்டிப்போக முடியாது. லயமே முறைவைத்துக் காவல் காத்தது.

ஞாயிறன்று அவள் தழைக்கட்டோடு வந்தபோது சுஜா கையில் போன்.

"அம்மே, வீட்டுக்காரர் கேக்காரு. என்ன பறையணும்?"

மாடம்மாள் கட்டைக் கிடாவின் முன்னால் இறக்கினாள். கொடைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதுவரை தீனி போட வேண்டியவளும் அவள்தான்.

"வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துரச் சொல்லு."